மங்கிய தடங்களும் மாணவர் கால்களும்

மலையேற்றம் என்றால் நம்மில் பலருக்கு இமயமலை நினைவுக்கு வருகிறது, இல்லையேல் கொடைக்கானல். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது சரிதான். ஆனால் செஞ்சியைச் சுற்றிக் குவித்து வைத்தாற்போல் கிடக்கும் இந்தக் கற்குன்றுகளுக்குள் எத்தனை பேர் காலெடுத்து வைத்திருக்கிறோம்?

வெளியூரிலிருந்து வருவோர் ராஜகிரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டில் ஏறுகின்றனர். கல்யாண மகாலைக் காண்கின்றனர். தேசிங்கு ராஜன் கதையைப் பேசிக்கொண்டே பேருந்து ஏறுகின்றனர். மூன்றாவது மலையாகிய சந்திரகிரியை நாடுவோர் மிகச் சிலரே. மூன்று மலைகளையும் இணைத்துச் செல்லும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. அதை ஒட்டிக் கால்நடையாகச் சென்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட பாக்கம் மலைக்காட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இங்கெல்லாம் பாதையே இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பாதை இருக்கிறது, பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருடன் குன்றுகளில் நடந்தபோதுதான் இதை உணர்ந்தேன். புல் சற்றே சாய்ந்திருக்கும் இடம், குளம்பு பட்டு வழுவழுப்பான கல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை ஆகியவைதாம் அவருக்கு வழிகாட்டி. வெறும் பாறையில் தடம் மறைந்துவிடும். அப்பால் எந்தக் காரைப் புதரின் அருகில் அது மீண்டும் தொடங்கும் என்பதை அவர் அறிவார். எந்தச் சுனை தை மாதத்தோடு வற்றும், எந்தப் பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு கட்டும் என்பதும் அவருக்குப் பாடம். “பாறை சுடறதுக்குள்ள எறங்கிடணும் தம்பி” என்பார். அது அனுபவம் எழுதிய விதி.

இந்த அறிவு வரலாற்றையும் விளக்குகிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம், கோட்டை வீழும் முன்னரே தப்பிச் சென்றார். மூன்று மலைகளையும் அவற்றைச் சூழ்ந்த காட்டையும் முழுவதும் அடைத்து நிற்பது எத்தனை அரிது என்பது, அங்கே ஒரு நாள் நடந்தவனுக்குப் புரியும். வகுப்பறையில் ஆண்டுகளை மனப்பாடம் செய்பவனுக்கு அது அத்தனை எளிதில் புரியாது.

இன்று இத்தடங்களுக்கு இருபுறமும் கேடு சூழ்ந்துள்ளது. ஒருபுறம், எரிவாயு அடுப்பு வந்தபின் விறகுக்கு மலையேறுவோர் குறைந்தனர். ஆடு மேய்ப்போரும் அருகி வருகின்றனர். நடக்காத பாதையை முள் மூடுகிறது. மறுபுறம், 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது நம் செஞ்சி ஒன்றே. பெருமைதான். ஆயினும் கூட்டம் பெருகினால் சிமெண்டுப் படியும், பாறையில் சாயம் பூசிய அம்புக்குறியும், உடைந்த பாட்டிலும் உடன் வருமே!

“மலைக்குப் போவது ஆபத்து, மாணவர்க்கு ஏன் இந்த வேலை?” என்று பெற்றோர் கேட்பர். கேட்பது நியாயமே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? அதன் பின் அவ்வாண்டே மலையேற்றத்துக்கெனத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024-இல் 14 மாவட்டங்களில் 40 தடங்களை வனத்துறை வழிகாட்டிகளுடன் திறந்தது. அந்தப் பட்டியலில் நம் விழுப்புரம் மாவட்டம் இடம் பெறவில்லை. குரங்கணி தரும் பாடம் வீட்டில் முடங்கிக் கிட என்பதன்று. காய்ந்த கோடையில் போகாதே, அனுமதியின்றிப் போகாதே, மண்ணை அறிந்தவர் துணையின்றிப் போகாதே என்பதே அந்தப் பாடம்.

ஆகவே நம் கல்லூரியில் ஒரு நடைக்கழகம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆண்டுக்கு இருமுறை, மார்கழியிலும் தையிலும், பத்துப் பேருக்கு மிகாமல் செல்லலாம். தாவரவியல், வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் உடன் வரட்டும். காப்புக்காடாயின் வனத்துறையிடமும், கோட்டைப் பகுதியாயின் தொல்லியல் துறையிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுவோம். தோள்பையில் தண்ணீர், கட்டுச்சோறு, கயிறு, டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி இருக்கட்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கல்லூரியில் வைத்துவிட்டுக் கிளம்புவோம். வழிகாட்டும் பெரியவருக்கு ஒரு நாள் கூலியைக் குறைவின்றிக் கொடுப்போம். ஆசிரியருக்குரிய மரியாதையையும் சேர்த்துக் கொடுப்போம். அவர் சொல்லும் சுனையின் பெயர், பாறையின் பெயர், செடியின் பெயர் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி நூலகத்தில் சேர்ப்போம். அவருக்குப்பின் அப்பெயர்களைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். கைபேசியில் படமெடுத்து வழியோடு ஊருக்கெல்லாம் பரப்ப வேண்டாம். அறியாத கூட்டம் வந்தால் அவர்களுக்கும் கேடு, மலைக்கும் கேடு.

பாதையை அகலப்படுத்துவது எளிது. ஓர் இயந்திரமும் ஒரு ஒப்பந்தக்காரரும் போதும். நடப்பவனின் அறிவை அகலப்படுத்துவதுதான் கடினம். அதற்காக ஏற்பட்டதே கல்லூரி. மாணவ நண்பர்களே, அந்தப் பெரியவர்களின் கால்களில் வலு உள்ளபோதே அவர்கள் பின்னால் நடப்போம், வாருங்கள்!