பூட்டி வைத்த முகவரிகள்

ரஷ்ய எழுத்தில் முடியும் ‘.எர்எஃப்’ இணைய முகவரிகள் 2010 நவம்பரில் பொதுப் பதிவுக்குத் திறந்துவிடப்பட்டன. சில நாள்களிலேயே லட்சக்கணக்கில் பதிவாயின. பொதுச்சொற்களை முகவரிகளாக வளைத்துப்போட்டவர்கள், ஊருக்கு வெளியே மனை வாங்கியவர்களைப் போல விலை ஏறக் காத்திருந்தார்கள்.

‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழிலும் முகவரி உண்டு; அதையும் அப்படி வாங்கிக் குவிக்க ஆசை வரலாம். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டினால், பல இடங்களில் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவைதான் வந்து விழுகிறது. தமிழ் முகவரியில் அமைந்த மின்னஞ்சலை ஏற்காத படிவங்கள் ஏராளம். பலர் குரலாலேயே தேடும் காலத்தில் முகவரியை யார் தட்டப்போகிறார்கள்?

சொந்தக் கடைக்கு ஒன்று வாங்குங்கள், வரவேற்போம். விற்பதற்கென்று நூறு வாங்குவது முதலீடு அல்ல. புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வரும். பிறருடைய வணிகப் பெயரைப் பதிந்திருந்தால், நடுவர் தீர்ப்பில் அந்த முகவரியும் கைவிட்டுப் போகலாம்.