பரீட்சை ஃபீஸும் ஓப்பன் சோர்ஸ் போனும்

போன மாதம் பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். கல்லூரி ஆபீஸ் கவுன்ட்டரில் காசாக வாங்க மாட்டார்கள், க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணித்தான் கட்டணும். எனக்கு முன்னால் பதினைந்து பேர். என் முறை வந்ததும் போனை எடுத்து வங்கி ஆப்பைத் திறந்தேன். "உங்கள் சாதனம் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தச் செயலி இயங்காது." அவ்வளவுதான். கீழே 'சரி' என்று ஒரு பட்டன். எது சரி? அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறது. முந்தின நாள் ராத்திரி வரை அதே ஆப்பில் பால் கணக்கு முதல் பரோட்டா வரை கட்டியவன் நான். நடுவில் ஆப் ஒரு அப்டேட் வாங்கியிருக்கிறது.

பின்னால் நின்ற நண்பன் "தள்ளுடா, லைன் நிக்குது" என்று தன் போனை நீட்டி எனக்கும் சேர்த்துக் கட்டினான். அந்தப் போனைப் பற்றிச் சொல்லியே ஆகணும். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல். கம்பெனியிடமிருந்து கடைசியாக செக்யூரிட்டி பேட்ச் வந்தது 2022இல். உள்ளே மூன்று உடனடிக் கடன் ஆப், இரண்டு 'கிளீனர்', எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாத ஒரு சீட்டாட்ட ஆப். என் போனில் இருந்ததோ அதற்கு முந்தின மாதத்துப் பேட்ச். வங்கியின் கண்ணுக்கு அவன் யோக்கியன், நான் திருடன்!

என் போன் அப்பா 2019இல் வாங்கிப் பயன்படுத்தி எனக்குக் கொடுத்தது. கம்பெனி 2021இலேயே கைகழுவி விட்டது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து லினியேஜ்ஓஎஸ் ஏற்றினேன். ஆண்ட்ராய்டின் மூல நிரலை எடுத்து, கம்பெனிகள் கைவிட்ட போன்களுக்காகத் தன்னார்வலர்கள் தயாரிக்கும் ஓஎஸ் அது. ஏற்றிய பிறகு போன் சூடாவது குறைந்தது, சார்ஜ் சாயங்காலம் வரை நின்றது. இரண்டு வருடம் ஒரு தொல்லை இல்லை. ஃபீஸ் கவுன்ட்டர் வரைக்கும்.

இந்த மாதிரி போனெல்லாம் 'தினசரி உபயோகத்துக்கு நம்பகமில்லை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பில் சொல்கிறார்கள், பாகலூர் ரோட்டில் சர்வீஸ் கடை அண்ணன் சொல்கிறார், அப்பாவும் சொல்கிறார். நான் சொல்வது ஒன்றே ஒன்று. போன் நம்பகமாகத்தான் இருக்கிறது. அதை நம்ப மாட்டேன் என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு பண்ணிவிட்டு, பழியைப் போன் மேல் போடுகிறார்கள்.

பி.காம் படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் கணக்கு. 12,000 ரூபாய்க்கு ஒரு போன். நேர்கோட்டு முறைத் தேய்மானம், இறுதி மதிப்பு பூஜ்யம். இரண்டு வருடத்தில் அப்டேட் நின்று மாற்ற வேண்டி வந்தால் மாதம் 500 ரூபாய். ஆறு வருடம் ஓட்டினால் மாதம் 167 ரூபாய். வீட்டில் நான்கு போன் என்றால் வித்தியாசம் மாதம் 1,332. சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது அரிசிக் காசு. எந்திரம் கெட்டுப் போகவில்லை, மென்பொருளை நிறுத்தியதால் மட்டும் அது குப்பை. எந்த அக்கவுன்டன்ட்டும் இதைத் தேய்மானம் என்று எழுத மாட்டான்.

அதுவும் நம் ஊரில்! உத்தனப்பள்ளி பக்கம் நாகமங்கலத்தில் இருக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஐபோன் பாகங்கள் செய்கிறார்கள் (2024 செப்டம்பரில் தீப்பிடித்துப் பேப்பரில் வந்ததே, அதேதான்). வேலை செய்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். உலகத்துக்கே போன் பாகம் செய்கிற மாவட்டத்தில், கையில் இருக்கும் சொந்தப் போனில் என்ன ஓட வேண்டும் என்று சொந்தக்காரன் முடிவு பண்ணினால் அது குற்றம்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்துகிறேன். 'இந்தியாவில் இதையெல்லாம் யாரும் முயற்சி பண்ணலை' என்பது சுத்தப் பொய். 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் வந்தது. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ், விலை 1,999 ரூபாய், 128 எம்பி ராம். அந்த ராமில் ஒரு படத்தைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதே டிசம்பரில் மைக்ரோமேக்ஸின் யு யுரேகா, சயனோஜென் ஓஎஸ்ஸோடு 8,999 ரூபாய்க்கு. சயனோஜென்னின் இந்திய உரிமை யாருக்கு என்று மைக்ரோமேக்ஸும் ஒன்பிளஸும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அடித்துக்கொண்டது தனிக்கதை. 2015 ஜனவரியில் சாம்சங் இசட்1, டைசன் ஓஎஸ், 5,700 ரூபாய். 2016இல் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ், பின்லாந்தின் செயில்ஃபிஷ் ஓஎஸ், 5,499 ரூபாய்.

எல்லாம் போய்விட்டன. மொசில்லா 2016இல் போன் வேலையை நிறுத்தியது. சயனோஜென் கம்பெனி 2016 டிசம்பர் 31இல் சர்வர்களை மூடியது. டைசன் போன்களின் ஆப் கடை 2021 முடிவில் மூடப்பட்டது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சயனோஜென் கம்பெனி செத்தாலும் அதன் நிரல் சாகவில்லை. அதே டிசம்பரில் அது லினியேஜ்ஓஎஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தது, இன்றைக்கு என் பாக்கெட்டில் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் நிரல் கைஓஎஸ் ஆகி, 2017இல் ஜியோபோனுக்குள் போய், கோடிக்கணக்கான பேர் கையில் உட்கார்ந்தது. 'ஓப்பன் சோர்ஸ் போன் இந்தியாவில் ஓடாது' என்று சொன்னவர்களின் பாட்டி கையிலேயே அதுதான் ஓடியது :-)

சரி, இன்றைக்கு ஒருவர் வாங்கப் போனால் என்ன கிடைக்கும்? இங்கேதான் எனக்கு என் கட்சிக்காரர்கள் மேலும் கோபம். இணையத்தில் போய்க் கேட்டால் வாய் கூசாமல் 'பைன்போன் வாங்கு, லிப்ரம் 5 வாங்கு' என்பார்கள். இரண்டும் நிஜமான லினக்ஸ் போன்கள். நல்ல நோக்கம், மதிக்கிறேன். ஆனால் அவை நிரல் எழுதுகிறவர்களின் மேஜைக்கு ஆனவை. காலை ஷிஃப்டுக்கு ஐந்தரை மணி கம்பெனி பஸ் பிடிப்பவர் கைக்கு ஆனவை அல்ல. பேட்டரி மதியம் தாண்டாத போனை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது.

அடுத்து உபுண்டு டச். அழகாக இருக்கும், சுத்தமாக இருக்கும். ஆனால் அது ஓடும் போன்கள் பலவற்றில் வோல்ட்இ கிடையாது. ஐரோப்பாக்காரனுக்கு இது சின்னக் குறை, 2ஜியில் பேசிக்கொள்வான். நம் ஊரில் பாதிப் பேர் கையில் ஜியோ. 2016இல் தொடங்கியதிலிருந்தே ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. வோல்ட்இ இல்லையென்றால் சாதாரண கால் இல்லை. கால் வராத போனுக்குப் பெயர் போனா? இதைச் சொல்லாமல் சிபாரிசு பண்ணுவது ஏமாற்று வேலை.

நெதர்லாந்தின் ஃபேர்போன் ஸ்க்ரூ கழற்றி நாமே பேட்டரி, டிஸ்ப்ளே மாற்றலாம் என்கிறது. 2023இல் வந்த ஃபேர்போன் 5க்கு எட்டு வருட மென்பொருள் ஆதரவும் சொல்லியிருக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லையே. கடத்திக்கொண்டு வந்தாலும் உதிரி பாகத்துக்கு ஆம்ஸ்டர்டாமா போவது?

நம்பகம் என்று பார்த்தால் முதலிடம் கிராஃபீன்ஓஎஸ் போட்ட பிக்சல்தான். கால், கேமரா, பேட்டரி எதிலும் குறை சொல்ல முடியாது, பேட்ச் சுடச்சுட வரும். பிக்சல் 8 வரிசையிலிருந்து ஏழு வருட ஆதரவு. ஆனால் மலிவுப் பிரிவு என்று சொல்லப்பட்ட பிக்சல் 8ஏ 2024 மே மாதம் இங்கே வந்தபோது விலை 52,999. கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுளுக்கே அரை லட்சம் கப்பம்! ஆகவே நம் ஆட்களுக்கு மிச்சம் இருப்பது பழைய போனில் லினியேஜ்ஓஎஸ். அதற்கும் பராமரிக்கிற ஆள் விலகினால் அந்த மாடல் பட்டியலிலிருந்து போய்விடும் என்ற ஆபத்து உண்டு, மறைக்கவில்லை.

2023 ஜனவரியில் சென்னை ஐஐடி பக்கம் பிறந்த பார்ஓஎஸ் (BharOS) ஞாபகம் இருக்கிறதா? மத்திய அமைச்சர்களே போன் போட்டுப் பேசிப் பரிசோதித்தார்கள். அதுவும் ஆண்ட்ராய்டின் திறமூல நிரல் மேல் கட்டியதுதான். ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கு என்றார்கள். ரகசியம் காக்க வேண்டியது நிறுவனம் மட்டும்தானா? எங்கள் வீட்டு சேமிப்புக் கணக்குக்கு வேண்டாமா?

இப்போது மறுபடி ஃபீஸ் கவுன்ட்டருக்கு வருவோம். என் போனை ஆப் ஏன் துரத்தியது? ஆப் கூகுளிடம் கேட்கிறது, 'இந்தப் போன் சரியான ஆளா?' ப்ளே இன்டெக்ரிட்டி என்று அதற்குப் பெயர். கூகுள் சான்று கொடுத்த ஓஎஸ்ஸா, பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறது. கடுமையான படியில் பேட்ச் பழசா என்றும் பார்ப்பார்கள், ஆனால் வங்கி அதற்குக் கீழ்ப்படியே போதும் என்று விட்டுவிட்டால் நண்பனின் 2022 பேட்ச் ஜம்மென்று தேர்வாகிவிடும். பூட்லோடர் திறந்திருந்தால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. போன் திருடன் கைக்குப் போனால் ஓஎஸ்ஸில் கை வைக்க வாய்ப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் கிராஃபீன்ஓஎஸ் போன்றவை சொந்தச் சாவியால் பூட்லோடரை மறுபடி பூட்டியே ஓடுகின்றன. அந்தச் சாவியை வன்பொருள் மூலமாகச் சரிபார்க்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. வங்கி நேரடியாகச் சோதித்துக்கொள்ளலாம், எப்படி என்று கிராஃபீன்ஓஎஸ்காரர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வங்கிகள் அதைச் செய்வதில்லை. கூகுள் கொடுக்கும் ரேஷன் கார்டு இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

கேட்டால் ரிசர்வ் வங்கி என்பார்கள். 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் பணப் பாதுகாப்புக் கட்டளைகளில், அடிப்படைத் தகுதி உள்ள போனில்தான் ஆப் ஓட வேண்டும் என்று இருக்கிறது. நியாயம்தான். அந்தத் தகுதியை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் முத்திரைதான் தீர்மானிக்கணுமா என்பதுதான் என் கேள்வி. வேடிக்கை என்னவென்றால் 2022 மார்ச்சில் யுபிஐ 123பே தொடங்கி, பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்ப வழி செய்தார்கள். பேட்ச் என்றால் என்னவென்றே தெரியாத பட்டன் போன் உள்ளே, மாதாமாதம் பேட்ச் வாங்கும் என் போன் வெளியே.

இந்திய போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்டது. மாற்று ஆண்ட்ராய்டு போன்கள் வர விடாமல் ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ப்ளே சர்வீஸ் வசதிகளை மற்றவர்களுக்கு மறுக்கக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, அந்த உத்தரவை ரத்து செய்தது. செய்தித்தாள்களில் கோடிதான் கொட்டை எழுத்தில் வந்தது. என்னைக் கேட்டால், எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கோடி இல்லை, ரத்தான அந்த ஒரு வரி.

'இதுக்கெல்லாம் வழி இருக்கு மச்சி, சான்றை ஏமாத்துற மாட்யூல் இருக்கு, ரூட் பண்ணிப் போடு' என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். தெரியும். போடவில்லை. நேர்மையான போனை நேர்மையானது என்று காட்ட நான் ஏன் திருட்டு வேலை செய்யணும்? அது தவிர, ரூட் செய்தால்தான் நிஜமாகவே பாதுகாப்பு குறைகிறது. ஜூஜூவாடியில் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டு மாடியில் ஏறினால் கர்நாடகா டவர் பிடிக்கும், ரோமிங் காசு போகும் என்று அந்தக் காலத்தில் போனில் நெட்வொர்க்கைக் கையால் பூட்டி வைப்பார்கள். ஊர் மாறவில்லை, ஆள் மாறவில்லை, எவனோ போட்ட கோட்டுக்கு நாம் காசு கட்டினோம். 2017 வாக்கில் கம்பெனிகள் ரோமிங் கட்டணத்தை எடுத்தன. யாரும் மாடியை விட்டு இறங்கி வந்து அதை ஒழிக்கவில்லை, கோட்டைத்தான் அழித்தார்கள்.

நண்பனுக்கு ஃபீஸ் காசை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன், நோட்டாக. வங்கிக்குப் புகார் எழுதினேன். "தங்கள் சாதனத்தைத் தயாரிப்பாளரின் அசல் மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று பதில். அதாவது, 2021 பேட்ச்சுக்குத் திரும்பிப் போ என்று பாதுகாப்புப் பிரிவு எழுத்துபூர்வமாகச் சொல்கிறது. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்தது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 'இது வங்கியின் வணிக முடிவு' என்று சொல்லித் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு விதியில் இடம் இருக்கிறது, படித்துவிட்டேன். இருந்தாலும் புகாரோடு அந்தப் பதிலையும், என் போன், நண்பன் போன் இரண்டின் பேட்ச் தேதி ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறேன். நண்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: ஸ்கிரீன்ஷாட்டில் அந்தச் சீட்டாட்ட ஆப் தெரியக் கூடாதாம்.