கூடத்தில் ஒட்டுக்கேட்பது யார்?



"மிக்ஸி ரிப்பேர்னு வாயால பேசினதுதான், சாயங்காலமே போன்ல மிக்ஸி விளம்பரம் வந்து நிக்குது." இப்படிச் சொல்லாத பெண்கள் எங்கள் தெருவில் இல்லை. வீட்டு ஆண்களிடம் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லை" என்று சிரிப்பார்கள். இதில் எது நிஜம், எது பிரமை என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தேன். அதைச் சகோதரிகளிடம் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் நம் நாட்டுச் சமாச்சாரம். சில்வர்புஷ் என்று ஒரு இந்திய நிறுவனம். டி.வி. விளம்பரத்துக்குள் மனிதக் காதுக்கு எட்டாத கீச்சு ஒலி ஒன்றைக் கலந்து வைப்பது இவர்களுடைய வித்தை. நமக்குக் கேட்காது. பக்கத்தில் கிடக்கும் செல்போனின் மைக்குக்குக் கேட்கும். போனில் இருக்கும் ஏதோ ஒரு ஆப்புக்குள் இவர்களுடைய மென்பொருள் இருந்தால் போதும், இந்தப் போன்காரர் வீட்டில் இந்த விளம்பரம் ஓடியது, இவ்வளவு நேரம் ஓடியது என்று தகவல் போய்விடும். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், இந்த மென்பொருளைச் சேர்த்திருந்த 12 ஆப் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மைக்குக்கு வேலையே இல்லாத ஆப், மைக் அனுமதி கேட்பானேன் என்பதுதான் விஷயம். 2017-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடியபோது 234 ஆண்ட்ராய்டு ஆப்களில் அந்த மென்பொருள் இருந்தது. ஆனால் அவர்கள் சோதித்த டி.வி. ஒளிபரப்புகளில் அந்த ஒலி அகப்படவில்லை. அந்தத் தொழிலை முன்பே விட்டுவிட்டோம் என்று நிறுவனமும் சொன்னது. சரி, விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இருந்த நாளில் யாரைக் கேட்டு வைத்தார்கள்?

அடுத்து குழந்தைகள் விளையாடும் கேம். 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது: அல்போன்சோ என்ற நிறுவனத்தின் மென்பொருள் 250-க்கும் மேற்பட்ட கேம்களில் இருந்தது. அதில் சில குழந்தைகளுக்கானவை. போனைச் சட்டைப் பையில் போட்டிருந்தாலும், பின்னணியில் கேம் ஓடிக்கொண்டிருந்தால், வீட்டில் என்ன டி.வி. நிகழ்ச்சி ஓடுகிறது என்று மைக் வழியாகக் கேட்குமாம். "மனிதர் பேச்சைப் பதிவு செய்யவில்லை, அனுமதி வாங்கித்தான் செய்கிறோம்" என்றது நிறுவனம். அனுமதி கொடுத்தது யார்? கேம் திறக்கிற அவசரத்தில் பிள்ளை அமுக்கின பட்டன்தானே!

பேசினால் பதில் சொல்லும் பெட்டிகள் கதை வேறு. குழந்தைகளின் குரல் பதிவுகளைப் பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முழுக்க அழிக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில், அமேசான் நிறுவனம் 2023-ல் அமெரிக்காவில் இரண்டரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 2025 ஜனவரியில் ஒன்பதரைக் கோடி டாலர் தர முன்வந்து ஒரு வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. கூப்பிடாமலே சிரி விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்தது என்பது புகார். வழக்குப் போட்டவர்களில் ஒருவர், டாக்டரிடம் தனியாகப் பேசிய அறுவை சிகிச்சைக்கே விளம்பரம் வந்தது என்றார். தப்பே செய்யவில்லை, சிரி தகவலை விளம்பரத்துக்குக் கொடுப்பதில்லை என்கிறது ஆப்பிள். தப்பு நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2018-ல் அமேசான் வாங்கிய ஒரு காப்புரிமையைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண் இருமிக்கொண்டே பேசுகிறாள். பெட்டி அதைக் கவனித்து, சூப் செய்முறை சொல்லட்டுமா என்கிறது. அப்புறம், இருமல் மிட்டாய் ஆர்டர் செய்யட்டுமா என்கிறது. காப்புரிமை வாங்கினால் அது நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஆகாது. ஆனாலும் யோசனை எந்தத் திசையில் போகிறது, பாருங்கள். இருமினால் கஷாயம் வைத்துத் தருவது மாமியார் வேலையாக இருந்தது!

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17 ஆயிரத்துக்கும் அதிகமான ஆப்களைச் சோதித்தார்கள். எந்த ஆப்பும் திருட்டுத்தனமாகப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பியதாகத் தெரியவில்லை. (சில ஆப்கள் நம் திரையையே படம் பிடித்து அனுப்பியது தெரிந்தது. அது வேறு!) அப்படியானால் மிக்ஸி விளம்பரம் எப்படி வருகிறது? வீட்டுக்காரர் ஆபீசில் உட்கார்ந்து மிக்ஸி விலை பார்த்திருப்பார். ஒரே வைஃபையில் இருக்கும் போன்களை ஒரே குடும்பம் என்று கம்பெனிக்காரன் முடிச்சுப் போட்டு வைத்திருப்பான். ஆக, பேச்சைக் கேட்காமலே இவ்வளவு தெரிகிறதென்றால், அது நிம்மதிப்படுகிற விஷயமா என்ன?

பெண்கள் இதைக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பேச்சு முக்கால்வாசி நம் பேச்சு. நாள் தள்ளிப்போனது, நகை அடகில் இருப்பது, பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது எல்லாம் கூடத்திலும் அடுப்படியிலும்தான் பேசுகிறோம். அடகு விஷயம் தெரிந்தவன் சோப்பு விளம்பரமா காட்டுவான்? கடன் ஆப் விளம்பரம்தான் காட்டுவான். கஷ்டத்தில் இருப்பவளைத் தேடிப் பிடிக்கவே இந்தத் தகவலுக்கு விலை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது, அனுமதி கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமானவற்றுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். கம்பெனிக்கு அவகாசம் கொடுக்கிறார்கள், நம் கூடத்துக்கு யார் கொடுப்பது?

போனில் செட்டிங்ஸ் போய், பிரைவசி என்ற இடத்தில் மைக்ரோபோன் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். டார்ச், காலண்டர், சமையல் குறிப்பு ஆப்புக்கெல்லாம் மைக் எதற்கு? எடுத்துவிடுங்கள். புது ஆண்ட்ராய்டு போன்களில் மைக் வேலை செய்தால் மேல் மூலையில் பச்சை அடையாளம், ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி தெரியும். நாம் பேசாதபோது அது எரிந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்கை. எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். அதைப் போல டி.வி. பெட்டியின் மேலும், "இதில் மைக் உள்ளது, அணைக்கும் பட்டன் இங்கே" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டச் செய்யலாமே.

- ஒரு இல்லத்தரசி, கும்பகோணம்