பணியிலுள்ள மருத்துவருக்கு ஆராய்ச்சிப் பயிற்சி

செகந்திராபாத்தைச் சேர்ந்த போவன்பள்ளிக்குத் தெற்கே, பேகம்பேட்டை விமான நிலையத்தின் அருகில், பழைய கட்டடம் ஒன்று உளது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்நோயின் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது அங்கேதான். பள்ளிப் பாடநூல்கள் இதனை ஒரு வரியில் கூறிவிடுகின்றன. அவர் ஒரு படைப்பிரிவில் நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர் என்பதை மாணவர் அறிவது அரிது. பணியிலுள்ள மருத்துவர்களை ஆராய்ச்சிக்குப் பழக்குவது எவ்வாறு என்று எண்ணுவோர் முதலில் நோக்க வேண்டியது இதனையே.

ராஸ் 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். ஏழாண்டுகளுக்குப் பின் விடுப்பில் இலண்டன் சென்று பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றார், பாக்டீரியாவியலும் பயின்றார். 1894இல் பாட்ரிக் மான்சன் அவருக்கு மலேரியாக் கிருமியை உருப்பெருக்கியில் காட்டினார். மறு ஆண்டு ராஸ் செகந்திராபாத்துக்கு வந்தபின் பாடம் அஞ்சல் வழியே தொடர்ந்தது. கண்டதையும் ஐயுற்றதையும் மாணவர் எழுத, ஆசிரியர் இலண்டனிலிருந்து விடை எழுதினார். ஒரு கேள்விக்கு விடை வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. ஆயினும் நோயாளிகளை விட்டு அகலாமலே ஒருவர் உயர்நிலைப் பயிற்சி பெறலாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது கடினம்.

அப்பயிற்சியில் குறைகளும் இருந்தன. கொசுக்கள் இறந்து கிடக்கும் நீரைப் பருகுவதால் மலேரியா உண்டாகலாம் என்று மான்சன் கருதினார். 1895இல் ராஸ் அத்தகைய நீரை மனிதர்க்கே கொடுத்துச் சோதித்தார். குடித்தவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மேலும் பலருக்குக் கொடுத்தபோது அம்முடிவு நிலைக்கவில்லை. நீரைக் குடியாத ஒருவருக்கும் அதே நாளில் காய்ச்சல் வந்திருக்கக் கூடுமன்றோ? பணத்துக்காகக் குடித்தவருக்கு அதனால் விளையக்கூடிய தீங்கு எவ்வளவு தூரம் விளக்கப்பட்டது? ஒப்பிடுதற்குரிய மற்றொரு குழு, அறிந்து அளிக்கும் இசைவு ஆகிய இவ்விரண்டையும் கற்பியாத ஆராய்ச்சிப் பட்டம் எத்துணைப் பெரிதாயினும் பயனற்றது.

ஒப்பீட்டுக் குழுவின் அருமையைச் சென்னை நகரம் பின்னர் உலகுக்குக் காட்டியது. 1956இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையத்தில் 193 நோயாளிகள் குலுக்கல் முறைப்படி இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றவர் சானடோரியத்திலும் இருந்தனர். வீட்டு மருத்துவம் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது என 1959இல் முடிவு வெளிவந்தது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது அது. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மருந்தின் இருப்பை எண்ணிய சுகாதாரப் பணியாளர் இல்லையேல் அக்கணக்குகளை எவரும் நம்பியிரார்.

இன்று வாய்ப்புகள் பெருகியுள்ளன. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், பணியிலுள்ள சுகாதார அலுவலர்களுக்கென 2001இல் ஈராண்டு முதுநிலைப் பயிற்சியைத் தொடங்கிற்று. அதன் பெரும்பகுதி களத்திலேயே நிகழ்வது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்க்கு ஆராய்ச்சியின் அடிப்படைகளைக் கற்பிக்கும் இணையவழிப் பாடம் 2019 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதனையும் அந்நிறுவனமே நடத்துகிறது. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்ற மருத்துவர் தம் ஊருக்குத் திரும்பியபின் அவருடைய கேள்வியைப் படித்துத் திருத்தித் தர ஒரு மான்சன் வேண்டாமா? மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒவ்வொருவரும் இரண்டொரு மாவட்ட மருத்துவர்களுக்கு அப்பொறுப்பை ஏற்கலாம். இக்காலத்தில் விடை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுவதுமில்லை.

பயிற்சியினும் அரியது காலம். கொசுவில் கிருமியைக் கண்ட அடுத்த மாதமே ராஸ் இராசபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றப்பட்டார். தொடங்கிய வேலை அறுந்தது. மான்சன் முயன்று பரிந்துரைத்தபின், 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவருக்குத் தனிப்பணி கிடைத்தது. ஜூலைக்குள், கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து பறவைக்குப் பறவை பரவுவதை அவர் மெய்ப்பித்தார். ஆசிரியர் பரிந்துரைத்திராவிடில் அப்புகழ் வேறொரு நாட்டுக்குப் போயிருத்தல் கூடும். மாறுதல் ஆணை எழுதும் அலுவலகங்கள் இன்றும் ஆராய்ச்சியைக் கணக்கில் கொள்வது குறைவு. பயிற்சி பெறும் மருத்துவரைத் தொடங்கிய ஆய்வு முடியுமட்டும் அவ்விடத்திலேயே இருக்கவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் புறநோயாளர் பணியிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும். அந்நாளில் அவருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்க்க ஒருவரை அமர்த்தவும் வேண்டும். இதற்கு ஆகும் செலவைப் பயிற்சியின் செலவாகவே வரவுசெலவுத் திட்டத்தில் காட்டுதல் முறை.