நாடி மெதுவாக ஓடினால் தைராய்டையும் பாருங்கள்

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து, "நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குது, காலெல்லாம் வீங்குது" என்று மதுரைக்கு வருகிற பெண்களை நம் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் தெரிந்தால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

இதய உறையில் நீர் கோத்தால் பொதுவாக நாடி விரைவாக ஓடும். நீர் நிறைய இருந்தும் நாடி அறுபதைத் தாண்டவில்லை, ஈ.சி.ஜி.யில் அலைகளும் குட்டையாக இருக்கின்றன என்றால் தைராய்டு குறைபாட்டை நினைக்க வேண்டும். அங்கே நீர் மாதக்கணக்கில் மெல்லச் சேர்கிறது. உறையும் விரிந்து கொடுக்கிறது. அதனால் இதயம் நெருக்கப்படுவது அரிது. பெரும்பாலும் ஊசி போட்டு நீரை எடுக்கத் தேவையிருக்காது. தைராக்ஸின் மாத்திரையிலேயே சில மாதங்களில் வற்றிவிடும். தைராய்டு ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். பார்க்காமல் காசநோய் மருந்தைத் தொடங்கினால் அத்தனை மாதமும் வீண்.

இது பழைய பாடம். தைராய்டு குறைபாட்டில் விரிந்து தளர்ந்த இதயம் தைராய்டுச் சாறு கொடுத்ததும் ஏறத்தாழப் பழைய அளவுக்குத் திரும்பியதை ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் சோண்டெக் 1918இலேயே எழுதிவிட்டார்.

எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் 10.95 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. கடலோர நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் அது கூடுதல். சென்னை அந்தப் பட்டியலில் இருந்தது, மதுரை இல்லை. நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு எடுத்தாக வேண்டும்.

கொழுப்பு கூடியிருக்கிறது என்று ஸ்டேட்டின் எழுதும் முன்பும் டி.எஸ்.எச். சோதனை தேவை. தைராய்டு குறைந்தவருக்கு ஸ்டேட்டினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

தைராக்ஸின் சிகிச்சையில் அவசரம் ஆபத்து. இதய ரத்தக்குழாய் நோயுள்ள முதியவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் நெஞ்சுவலி வரலாம். 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, நாலைந்து வாரங்களுக்கு ஒருமுறை கூட்டுவதே முறை. டி.எஸ்.எச். சற்றே உயர்ந்த முதியவர் எல்லோருக்கும் மாத்திரை வேண்டியதில்லை; 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் அறிகுறிகள் குறையவில்லை. டி.எஸ்.எச். பத்தைத் தாண்டியவர்களை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது.

விடிந்ததும் டீக்கடையில் நிற்கிற ஊர் இது. மாத்திரை வெறும் வயிற்றில், டீ அரை மணி நேரம் கழித்து, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி என்று நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சுத்திணறலோடு மெதுவான நாடியும் சேர்ந்து வருகிறவருக்கு ஈ.சி.ஜி. எழுதும்போதே டி.எஸ்.எச்.சும் எழுதிவிடுங்கள்.