இரவல் குரல் எதுவரை?

பெங்களூருவில் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் குடிசைப் பகுதிகளும் தண்ணீர் லாரிக்காக ஒன்றுபோலக் காத்திருந்தன. குடிநீரைக் கொண்டு கார் கழுவினால் ரூ. 5,000 அபராதம் என்று அந்நகரின் குடிநீர் வாரியம் அறிவித்தது. இந்த அறிவிப்பைத் தனியார் பண்பலை வானொலிகள் வாசிக்கலாம். விதிகளில் அதற்கு இடமுண்டு. ஆனால், நகரின் ஏரிகள் என்னவாயின, தட்டுப்பாட்டுக்கு யார் பொறுப்பு, எந்தப் பகுதிக்கு எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று தனது செய்தியாளரை அனுப்பி விசாரித்து, அதைச் செய்தியாக ஒலிபரப்ப அந்த வானொலிகளுக்கு அனுமதி கிடையாது.

இதே கேள்விகளை நாளிதழ் எழுப்பலாம். தொலைக்காட்சி எழுப்பலாம். கைப்பேசி வைத்திருக்கும் எவரும் எழுப்பலாம். வானொலி மட்டும் எழுப்பக் கூடாது. நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி 2001-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது இதே பெங்களூருவில்தான். ஏறத்தாழ கால் நூற்றாண்டாக அந்நகரின் பண்பலை வானொலிகள் பாட்டுப் பாடுகின்றன, போக்குவரத்து நெரிசலைச் சொல்கின்றன, வானிலையைச் சொல்கின்றன. சொந்தமாகத் தயாரித்த செய்தி அறிக்கை ஒன்றைக்கூட வாசிக்க அவற்றுக்கு உரிமை வழங்கப்படவில்லை. இந்தியாவில் வானொலிச் செய்தி என்றால் ஆகாசவாணி தயாரிக்கும் செய்தி மட்டுமே.

வானொலிச் செய்தியில் இரண்டாவது குரல் ஒன்று இருந்தால் என்ன பயன் என்பதைத் தமிழர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பிபிசியின் தமிழோசை வாயிலாக அதை 76 ஆண்டுகள் அனுபவித்தவர்கள் அவர்கள்.

1941-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி, வாரம் ஒருமுறை வாசிக்கப்படும் செய்தி மடலாக லண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. தமிழின் மீது கொண்ட பற்று அதற்குக் காரணமல்ல. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த நேரம். குடியேற்ற நாடுகளின் மக்களைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ள வேண்டிய தேவை பிரிட்டனுக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எழுத்தாளர் சோ. சிவபாதசுந்தரம் பின்னாளில் அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டார். சங்கர் சங்கரமூர்த்தி, ஆனந்தி சூரியப்பிரகாசம், திருமலை மணிவண்ணன் போன்றோர் அடுத்தடுத்து அதை வளர்த்தனர். பேரரசின் தேவைக்காகப் பிறந்த நிகழ்ச்சி, காலப்போக்கில் தமிழ் நேயர்களின் தேவையாக மாறியது.

இந்த மாற்றத்துக்கு உள்நாட்டு வானொலியின் மௌனமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. ஆகாசவாணி ஆட்சியாளர்களின் ஊதுகுழலாயிற்று. பிபிசியின் தில்லிச் செய்தியாளர் மார்க் டுல்லி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1984 அக்டோபர் 31-ஆம் தேதி காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவரது மரணச் செய்தியை பிபிசி பிற்பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி அதை அதிகாரபூர்வமாக அறிவித்தபோது மாலையாகிவிட்டது. இடைப்பட்ட அந்த நேரத்தில், நடந்ததை அறிய விரும்பிய இந்தியர்கள் அயல்நாட்டு அலைவரிசையைத் தேடினர்.

இலங்கைத் தமிழர்களுக்கோ தமிழோசை இன்னும் நெருக்கமானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் போர்ச் சூழலில் வாழ்ந்த மக்களுக்கு, அரசு சொல்வதையும் போராளிகள் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது ஆதாரம் தேவைப்பட்டது. இரவு 9.15 மணிக்குச் சிற்றலை வானொலியைச் சுற்றி அமர்ந்து தமிழோசை கேட்பது வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களின் அன்றாட வழக்கமாக இருந்தது. அதன் செய்தியில் குறை கண்டவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். குறை கண்டவர்களும் மறுநாள் தவறாமல் கேட்டார்கள் என்பதுதான் அதன் நம்பகத்தன்மைக்குச் சான்று.

அந்தச் செல்வாக்குக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலையில் பிபிசி நிகழ்ச்சிகள் மறுஒலிபரப்பாகி வந்தன. 2009 பிப்ரவரியில், இறுதிக்கட்டப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நிகழ்ச்சிகளில் குறுக்கீடு நிகழ்வதாகக் கூறி பிபிசி அந்த ஏற்பாட்டை நிறுத்திக்கொண்டது. 2013 மார்ச்சில், தமிழ் ஒலிபரப்பில் மீண்டும் குறுக்கீடு என்ற காரணத்தால் இரண்டாம் முறையாகவும் நிறுத்தியது. உள்நாட்டு அரசின் ஒலிபரப்பிகளை நம்பி நடக்கும் சுதந்திரச் செய்தி எத்தனை நாள் நிலைக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எனினும் தமிழோசை வானொலியை இறுதியில் நிறுத்தியது கொழும்பும் அல்ல, தில்லியும் அல்ல. அதைத் தொடங்கிய லண்டனே நிறுத்தியது. பிபிசி உலக சேவைக்குப் பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் நிதி வழங்கி வந்தது. 2010-இல் அந்த நிதி வெட்டப்பட்டது. 2014 ஏப்ரல் முதல் செலவின் பெரும்பகுதி பிரிட்டிஷ் குடும்பங்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தின் மீது விழுந்தது. சிற்றலை நேயர்கள் குறைந்துவிட்டார்கள், மக்கள் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் நகர்ந்துவிட்டார்கள் என்ற காரணம் முன்வைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் குஜராத்தி, மராத்தி, பஞ்சாபி, தெலுங்கு ஆகிய நான்கு இந்திய மொழிகளில் பிபிசி புதிய சேவைகளைத் தொடங்கியது. தமிழில் இணையதளம் தொடர்கிறது, நின்றுபோனது வானொலி.

தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல இது. 2020 ஜனவரியில் பிபிசி ஹிந்தி வானொலியும், 2022 டிசம்பரில் வங்கமொழி வானொலியும் ஓய்ந்தன. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் அதிபரின் உத்தரவு ஒன்றைத் தொடர்ந்து, 80 ஆண்டுகளுக்கும் மேலாக ஒலித்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா முடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், உள்நாட்டுப் பொது வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கான சுமார் 110 கோடி டாலர் நிதியை அந்நாட்டு நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. பணம் கொடுப்பவர் கையை விரித்தால் குரல் நின்றுவிடும். தன் சொந்த நாட்டில் நின்றால், வாக்காளர் தன் பிரதிநிதியிடம் காரணம் கேட்கலாம். லண்டனில் எடுக்கப்படும் முடிவுக்கு யாழ்ப்பாணத்து நேயரும் பெங்களூரு நேயரும் யாரிடம் காரணம் கேட்பது? இரவல் வாங்கிய குரலின் பலவீனம் இதுதான்.

அந்தக் குரலும் எல்லோருக்கும் கிடைத்ததல்ல. பெங்களூருவில் வாழும் தமிழருக்கு 2017 வரை லண்டனிலிருந்து ஒரு தமிழ்ச் செய்தியறிக்கை வந்துகொண்டிருந்தது. அவருடைய பக்கத்து வீட்டுக் கன்னடருக்கு அதுவும் இருந்ததில்லை. பிபிசி கன்னடத்தில் சேவை நடத்தியதில்லை. இன்று இருவரும் சம நிலைக்கு வந்துவிட்டார்கள். வானொலியைத் திருப்பினால் இருவருக்கும் கிடைக்கும் செய்தி ஒரே இடத்திலிருந்து வருகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் பெங்களூருவின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம். 2012 ஆகஸ்டில், தாக்குதல் நடக்கப் போவதாகக் குறுஞ்செய்திகளில் பரவிய வதந்தியை நம்பி, வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ரயில் நிலையத்தில் குவிந்து ஊர் திரும்பினர். நாடு முழுவதும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளை நாளொன்றுக்கு ஐந்து என்று மத்திய அரசு கட்டுப்படுத்த நேர்ந்தது. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி, காவிரி நீர் தொடர்பான உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து அந்நகரில் வன்முறை வெடித்தது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் தீக்கிரையாயின. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. எந்தத் தெரு பாதுகாப்பானது, எது பொய், எது மெய் என்று அறியத் தமிழ்க் குடும்பங்கள் தவித்த நாள் அது. வாட்ஸ்அப்பில் உண்மையும் பொய்யும் கலந்து பரவின. நகரின் ஒவ்வொரு வீட்டையும் வாகனத்தையும் எட்டக்கூடிய பண்பலை நிலையங்கள், களத்திலிருந்து சரிபார்த்த செய்தி அறிக்கையைச் சொந்தமாகத் தர முடியாத நிலையில் இருந்தன.

தனியார் வானொலிகளுக்குச் செய்தி அனுமதி மறுக்கப்படுவதற்குப் பாதுகாப்பையே அரசு காரணமாகக் கூறி வந்துள்ளது. செய்தியைத் தனியார் வானொலிகளிடம் விடக் கூடாது என்ற விதியை எதிர்த்து 'காமன் காஸ்' என்ற தன்னார்வ அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அந்த வழக்கில், ஒலிபரப்பாகும் செய்திகளைக் கண்காணிக்கப் போதிய ஏற்பாடு இல்லை, பாதுகாப்புக்குக் குந்தகம் நேரலாம் என்ற வாதம் வைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான தொலைக்காட்சிச் செய்தி அலைவரிசைகளுக்கு அனுமதி வழங்கியுள்ள நாட்டில் இந்த வாதம் எடுபடாது. உரிமம் பெற்று, முகவரியோடு, விதிகளுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் நிலையத்தைக் கேள்வி கேட்க முடியும். முகவரியில்லாத குறுஞ்செய்தியைக் கேட்க முடியாது. 2012-லும் 2016-லும் பெங்களூருவில் பீதியைப் பரப்பியது வானொலி அல்ல.

2011-இல் வெளியான மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, ஆகாசவாணியின் செய்தியறிக்கையை எந்த மாற்றமும் செய்யாமல் மறுஒலிபரப்பத் தனியாருக்கு அனுமதி தந்தது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள், உள்ளாட்சி நிர்வாகம் தரும் மின்தடை, குடிநீர் அறிவிப்புகள் ஆகியவை செய்தியல்ல என்று வகைப்படுத்தி அவற்றையும் அனுமதித்தது. 2019 ஜனவரியில் ஆகாசவாணியின் செய்தியறிக்கைகள் இலவசமாகவே வழங்கப்பட்டன. ஒரே குரலைப் பல வாய்கள் திருப்பிச் சொல்வதால் இரண்டாவது குரல் பிறந்துவிடாது.

ஆகாசவாணியைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமல்ல. நாட்டின் மிகப் பெரும்பான்மை மக்களை எட்டும் அதன் வலிமையும், பரபரப்பைத் தவிர்க்கும் அதன் நிதானமும் இன்றைய தொலைக்காட்சிக் கூச்சலுக்கிடையே போற்றத்தக்கவை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசி நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல நாள்கள் மின்சாரம் இல்லாதபோது, பேட்டரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியின் அருமை மீண்டும் உணரப்பட்டது. ஆனால், அதன் செய்திப் பிரிவை நடத்துபவர்கள் அரசின் தகவல் பணி அதிகாரிகள். அரசைக் கேள்வி கேட்கும் பொறுப்பை அரசு அதிகாரியிடமே ஒப்படைப்பது அவருக்கும் நியாயமல்ல, நேயருக்கும் நியாயமல்ல.

வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபரப்பு அரசின் பிடியிலிருந்து விலகி, பொதுமக்களின் சார்பில் இயங்கும் அமைப்பிடம் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1990-இல் நிறைவேறி 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், 15 மக்களவை உறுப்பினர்களும் 7 மாநிலங்களவை உறுப்பினர்களும் கொண்ட நாடாளுமன்றக் குழுவின் மேற்பார்வைக்கு வகை செய்கிறது. தன்னாட்சி என்ற சொல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. செய்தி அறையில் அது உணரப்பட வேண்டும்.

தனியார் பண்பலை நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் 10 நிமிடங்கள் வரை செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 பண்பலை அலைவரிசைகளை ஏலம்விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏலத்தில் காட்டும் அக்கறையைச் செய்தி அனுமதியிலும் அரசு காட்ட வேண்டும். தனியார் நிலையங்கள் பல, பெரும் ஊடகக் குழுமங்களின் கையில் இருப்பதால், அனுமதி அவர்களோடு நின்றுவிடக் கூடாது. கோலார் மாவட்டம் பூதிகோட்டை கிராமத்தில் 'நம்ம த்வனி' தொடங்கிப் பெங்களூருவின் 'ரேடியோ ஆக்டிவ்' வரை, அந்தந்த மக்களின் குரலாக விளங்கும் சமுதாய வானொலிகளுக்கும் தங்கள் வட்டாரச் செய்தியைச் சொல்லும் உரிமை வழங்கப்பட வேண்டும். கூடவே, பிரசார் பாரதி சட்டம் சொல்லும் நாடாளுமன்ற மேற்பார்வை உண்மையில் செயல்பட வேண்டும்.

தமிழோசையை நிறுத்தியதற்காக லண்டனைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் 76 ஆண்டுகள் செய்தி கேட்டாகிவிட்டது. சொந்த வானில், சொந்த மொழியில், சொந்தச் சட்டத்தின் காவலில் இரண்டாவது குரலுக்கு இடம் தர வேண்டிய பொறுப்பு இந்திய நாடாளுமன்றத்துக்கு உண்டு. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற மத்திய அரசு இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?