தன்னாட்சியும் தன்கடமையும்

உரிமை என்பது வழங்கப்பெறுவதால் மட்டும் நிலைத்துவிடுவதன்று. நாளும் எடுத்தாளப்பெறுவதாலேயே நிலைப்பது. உயர்கல்வியின் தன்னாட்சியும் இதற்கு விலக்கன்று.

1966இல் அறிக்கையளித்த கோத்தாரி குழு, தகுதிமிக்க கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. தமிழகக் கல்லூரிகள் சில 1978இலேயே அதனைப் பெற்றன. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், மதிப்பிடுதல் ஆகிய மூன்றும் கற்பிக்கும் ஆசிரியர் கைக்கு வந்தன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடர்ந்தது.

2023இல் மாநில உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தபோது ஆசிரியர் பலர் எதிர்த்தனர். தன்னாட்சிக் கல்லூரிகள் அதனை ஏற்பது கட்டாயமன்று என அரசு பின்னர்த் தெளிவுபடுத்தியது. பொதுமை வேண்டுவோர் கூற்றை முற்றிலும் புறந்தள்ளுதல் நன்றன்று. பட்டத்தின் பெயர் சிறிது மாறியமையால் இணைத்தன்மைச் சான்று தேடி அலையும் மாணவர் துயரை நாம் அறிவோம். ஆயின் அதற்குத் தீர்வு, பட்டப் பெயர்களையும் அடிப்படைத் தகுதிகளையும் ஒழுங்குசெய்வதே. நூல்தோறும் அலகுதோறும் ஆணையிடுவதன்று.

பிறரைக் குறைகூறுமுன் நம்மையே வினவிக்கொள்வோம். பாடத்திட்டக் குழுக்களில் நாமும் அமர்ந்திருக்கிறோம். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் படியெடுத்து, அலகுகளின் வரிசையை மட்டும் மாற்றி, நண்பகலுக்குள் கையொப்பமிட்டு எழுந்த நாள்களும் உண்டு. மூன்று காண்டங்களும் 5000க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்ட சீறாப்புராணத்தில், ஒரு படலத்தின் சில பாடல்களையே ஆண்டுதோறும் வைத்தோம். ஒரு காண்டத்தை முழுமையாக வைக்க நம்மைத் தடுத்தவர் எவர்? அரசன்று, பல்கலைக்கழகமன்று. கையேடு கிடைக்காது, தேர்ச்சி விழுக்காடு குறையும் என்ற நம் அச்சமே தடுத்தது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இணைவு முறையையே 15 ஆண்டுகளில் படிப்படியாக விலக்க எண்ணுகிறது. ஆகவே இவ்வினா எல்லாக் கல்லூரிகளின் வாயிலுக்கும் வரும். தன்னாட்சி என்பது புதிய பாடப்பிரிவுகள் தொடங்கிக் கட்டணம் பெறுதற்கான உரிமம் மட்டுமே என நிருவாகங்கள் கருதின், வகுப்பறையில் அதன் பயன் விளையாது. எதைக் கற்பிப்பது, எவ்வாறு வினவுவது என்பதை ஆசிரியர் அச்சமின்றி முடிவுசெய்யும் நிலையே தன்னாட்சியின் உயிர்.

சமுதாயப் பெரியோர்கள் அந்நிலைக்கு அரணாக நிற்க வேண்டுகிறோம். மாணவச் செல்வங்களே, கையேட்டுக்கு அப்பாலும் வினவுங்கள். உங்கள் வினாவே எம்மை உழைக்கச் செய்யும். பயன்படுத்தாத உரிமையைப் பறிப்பதற்கு ஆணைகூட வேண்டியதில்லை. அது தானே தேய்ந்துபோகும்.